கணனிக்கு முன்னால்: முகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது?



சென்ற இதழில், ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட பழைய குடும்பப் படங்களை ஸ்கான் செய்து திருத்துவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு ஸ்ரூடியோவில் அல்பம் வேலை செய்யும் தங்கச்சி. இதுவரை கலியாண வீடு, சாமத்தியவீடு என்று செய்து வந்தவரிடம் இப்போது ஒரு புடவைக் கடையும் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு அழகுக்கலை நிலையமும் விளம்பரப் படங்களைத் திருத்தித் தரும்படி கொடுக்கின்றனவாம். "அக்கா, தோலை வடிவாக்கிற பிளக்இன் கனக்க இருக்குது. எல்லாம் டொலர் விலை. ஒன்றை வாங்க மட்டும்தான் என்னட்டக் காசு இருக்கு. எதை வாங்கட்டும்?" இதுதான் அவருடைய கேள்வி.

பிளக்இன் என்றால் என்னவென்று அறியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தையல் மெசினில் சிப் வைத்துத் தைக்க 'சிப் ஃபுட்' என்று ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டுகிறோம் அல்லவா? அது தனியே நின்று தைக்காது, மெசினோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். போட்டோசொப் என்ற மென்பொருளோடு அப்படிச் சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருட்களைத்தான் பிளக்இன் என்கிறோம். தோலுக்கென்றே செய்யப்பட்டவை அவற்றில் ஒரு வகை.

ஒரு பெயரை எழுதிப் பதிலை முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கருவியைத் தெரிவு செய்வதில் நான் ஒரு தவறு செய்து, காசும் கொடுத்து, வேறொருவரின் மனத்தையும் நோகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், தங்கச்சியும் அதே இடத்தில் போய்த்தான் முட்டுவார்.

2023 தீபாவளிக்கு எங்கள் பட்டினத்துப் புடவைக் கடை ஒன்று பெரிய பனர் போட விரும்பியது. கொழும்பிலிருந்து மொடல் பிள்ளையைக் கூப்பிட்டால் செலவு அதிகம் என்று முதலாளி தனது கடையில் நிற்கும் பிள்ளையையே சாறி உடுத்திப் படமெடுக்கச் சொன்னார். நல்ல உயரம், நல்ல கறுப்பு, கண் இரண்டும் பேசும். வலது காதின் கீழிருந்து தாடையோடு இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு. 2009 இல் அவளுக்கு எட்டு வயது. புதுமாத்தளனில் ஷெல் துண்டு கீறிய காயம். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படங்கள் என்னிடம் வந்தபோது முதலாளி தொலைபேசியில் சொன்னது இரண்டு விடயம். "அந்தக் காயத்தை எடுத்துவிடுங்கோ. ஆளையும் கொஞ்சம் வெளுப்பாக்கிவிடுங்கோ." நான் ஓம் என்றேன். எங்கள் வேலையில் இது புதிதல்ல. அந்த வாரம் மூன்று கலியாண அல்பம் கையில் இருந்தது. 14 படங்களையும் பிளக்இன்னில் போட்டு, அது தானாகத் தந்த அளவிலேயே விட்டு, வெளிச்சத்தைக் கூட்டி, ஒரு மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தேன். பனரும் ஏறியது, பத்தடிக்கு ஆறடி.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தங்கச்சி, சாறியின்ர சரிகை எங்க போட்டுது? றப்பர் சீற் சுத்தின மாதிரிக் கிடக்கு. நான் விக்கிறது சாறியெல்லோ?" என்றார். பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. முந்தானையில் இழை தெரியவில்லை, மாங்காய்க் கரை மெழுகு போலக் கிடந்தது. கையிலிருந்த மருதாணியும் கலங்கிப் போயிருந்தது.

அது ஏன் நடந்தது என்பதை இந்த வேலை செய்பவர்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். தோல் பிளக்இன்னுக்கு முகம் எது, துணி எது என்று தெரியாது. அது படத்தில் தோலின் நிறத்தைத் தேடுகிறது. மனிதத் தோல் கறுப்போ வெள்ளையோ, கணனியின் கணக்கில் எல்லாமே செம்மஞ்சள் சார்ந்த ஒரு குறுகிய நிற எல்லைக்குள்தான் வருகின்றது. வெளிச்ச அளவும் நிறத்தின் செறிவும்தான் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. அந்த எல்லைக்குள் எது அகப்பட்டாலும் பிளக்இன் அதைத் தோல் என்று எண்ணித் தேய்த்துவிடும். பொன் சரிகை, மருதாணி, சந்தன நிறப் பட்டு, தேக்குக் கதவு, செங்கல் சுவர் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. நீல ஜீன்ஸ் போட்ட பிள்ளையின் படத்தில் இந்தப் பிழை தெரியாது. எங்கள் கலியாணப் படங்களிலும் சாறி விளம்பரங்களிலும் உடனே தெரியும். பிளக்இன் விற்பவர்கள் காட்டும் மாதிரிப் படங்களில் பட்டுச் சாறியை நான் அநேகமாகக் கண்டதில்லை.

எனவே ஒரு பிளக்இன்னில் நான் முதலில் பார்ப்பது, அது தெரிவு செய்யும் தோல் நிறத்தை நான் மாற்ற முடியுமா என்பதைத்தான். இமேஜ்னொமிக் நிறுவனத்தின் போர்ட்ரேச்சர் என்ற பிளக்இன்னில் இது முடியும். அது தானாக ஒரு நிறத்தைப் பிடிக்கும். ஆனால் சொட்டுக்குழாய் போன்ற கருவியால் நாமே கன்னத்தைத் தொட்டு 'இதுதான் தோல்' என்று காட்டலாம். நிறம், செறிவு, வெளிச்சம் மூன்றையும் தனித்தனியே நகர்த்தலாம். எது தெரிவாகியிருக்கிறது என்பதை ஒரு சிறு பெட்டியில் காட்டும். அந்தப் பெட்டியை நான் அன்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் முந்தானை முழுவதும் அதற்குள் கிடப்பது தெரிந்திருக்கும்.

வெளிச்ச அளவு எங்களுக்கு இன்னொரு சிக்கல். கருந்தோலில் நிழல் விழும் பகுதி, மூக்கின் பக்கம், கழுத்தடி போன்றவை, சிலவேளை பிளக்இன் பிடிக்கும் எல்லைக்கு வெளியே போய்விடும். அப்போது கன்னத்தின் பாதி வழுவழுப்பாகவும் மறுபாதி சொரசொரப்பாகவும் நிற்கும். பவுடர் திட்டுத் திட்டாய் அப்பியது போலிருக்கும். வெளிச்ச எல்லையைக் கீழே இழுத்தால் சரியாகும். இழுக்க விடாத பிளக்இன் எங்களுக்குச் சரிவராது.

படக் கருவிகள் எங்கள் நிறத்தை மறப்பது இன்று நேற்றுத் தொடங்கியதுமல்ல. பிலிம் காலத்தில் கழுவும் இடங்களில் நிறம் சரி பார்க்கக் கொடாக் நிறுவனம் ஒரு அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் பெண்மணி. 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று கணக்கு. லோர்னா ரொத் என்ற கனேடிய ஆய்வாளர் 2009 இல் இதைப் பற்றி எழுதினார். கருமை, கபில நிறங்கள் பிலிமில் நன்றாக விழவேண்டும் என்று கொடாக்கை நெருக்கியவர்களில் சொக்லேட் செய்பவர்களும் மரத் தளபாடம் விற்பவர்களும் இருந்தார்கள் என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சொக்லேட்டுக்குக் கிடைத்த கவனம்!

சரி, கடைக்கு வருவோம். முதலாளி வந்து போன அடுத்த நாள், போயா விடுமுறை, அந்தப் பிள்ளையும் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி, தேநீர் வைத்த பிறகுதான் கதைத்தாள்.

"அக்கா, கடைக்கு வாற சனம் மேல ஒருக்காப் பாக்குது, என்னை ஒருக்காப் பாக்குது. 'மேல நிக்கிறது உன்ர தங்கச்சியோ' எண்டு ஒரு அம்மா கேட்டவ. நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் கோபிக்கவில்லை. "காயத்தை எடுக்கக்கூடாதெண்டு சொல்ல நான் வரேல்ல. எடுக்கிறதெண்டால் என்னட்டயும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். முதலாளியிடம் கேட்டேன், படம் எடுத்த தம்பியிடம் கேட்டேன், பிரிண்ட் அடிப்பவரிடமும் அளவு கேட்டேன். முகத்துக்குச் சொந்தக்காரியிடம் மட்டும் கேட்கவில்லை. நாள் முழுக்க அந்தப் பனருக்குக் கீழே நின்று சாறி விரித்துக் காட்ட வேண்டியவள் அவள்.

சரிகைக்காக எப்படியும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் பாதி என்னுடையது. இந்த முறை அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்தேன். தழும்பை என்ன செய்ய என்று கேட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். "விடுங்கோ அக்கா. அம்மாவுக்கும் காட்டோணும்" என்றாள். நெற்றியில் இருந்த இரண்டு பருக்களை மட்டும் எடுக்கச் சொன்னாள். "அது போன கிழமை வந்தது" என்று சிரித்தாள்.

முதலாளி முணுமுணுத்தார். பிறகு, "சாறி தெரிஞ்சால் சரி" என்று விட்டுவிட்டார். நிறத்தில் மட்டும் விடவில்லை. கொஞ்சமாவது வெளுப்பு வேண்டும் என்று நின்றார். நானும் முழுக்க எதிர்த்து நிற்கவில்லை, ஒரு சொட்டு ஏற்றிக் கொடுத்தேன். வீரக் கதை சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த ஓடரும் எனக்கு வேண்டியிருந்தது. முகப்பூச்சு விற்ற பெரிய நிறுவனமே 2020 இல் தனது கிறீமின் பெயரிலிருந்து 'ஃபெயர்' என்ற சொல்லைக் கழற்றியது. எங்கள் கடைத்தெருவில் அந்த ஆசை இன்னும் கழரவில்லை.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன்.

தோல் பிளக்இன் எதுவானாலும் அதில் மென்மையாக்கும் அளவு ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும். போர்ட்ரேச்சரில் நுண்ணியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இருக்கின்றன. நுண்ணியது மயிர்த்துளைகளைத் தொடும். பெரியது கன்னத்திலுள்ள நிறத் திட்டுக்களைத் தொடும். துணி விளம்பரப் படத்தில் நான் நுண்ணியதை அநேகமாகப் பூச்சியத்தில் வைத்து, நடுத்தரத்தையும் பெரியதையும் கொஞ்சம் ஏற்றுவேன். மயிர்த்துளை போய்விட்டால் முகம் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். அதே பிளக்இன்னில் வெளிச்சம், இதமான நிறம் என்று வேறு ஸ்லைடர்களும் உண்டு. அவற்றைத் தொடாமல் விடுங்கள். நிறம் மாற்றுவதானால் வெளியே, தனி லேயரில், யாருடைய சம்மதத்தோடு எவ்வளவு மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

லேயர் என்றவுடன் நினைவுக்கு வருவது: பிளக்இன் தனது வேலையைப் புதிய லேயரில் தருமா என்று கட்டாயம் பாருங்கள். போர்ட்ரேச்சரில் அதைத் தெரிவு செய்யலாம். புதிய லேயர் இருந்தால் அதற்கு ஒரு மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் தழும்பின் மேல், மச்சத்தின் மேல், சரிகையின் மேல் தடவினால் அடியிலுள்ள உண்மையான படம் திரும்பி வந்துவிடும். லேயரின் ஒபாசிட்டியையும் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பாதியே போதும். நேரே மூலப் படத்திலேயே தேய்த்துச் சேமித்தால் திரும்பி வர வழி இல்லை.

நிக் கலெக்சன் என்ற தொகுப்பில் கலர் எஃபெக்ஸ் புரோ என்று ஒன்று உண்டு. அதற்குள் டைனமிக் ஸ்கின் சொஃப்ட்னர் என்ற வடிகட்டி இருக்கிறது. அதிலும் தோல் நிறத்தை நாமே தொட்டுக் காட்டலாம், சிறியது நடுத்தரம் பெரியது என்று மூன்று அளவும் உண்டு. இந்தத் தொகுப்பைக் கூகிள் 2012 இல் வாங்கி 2016 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாக விட்டது. 2017 இல் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. அதன் பின் வந்த பதிப்புகள் விலைக்குத்தான். அந்த இலவசக் காலத்துப் பிரதியைப் பழைய கணனிகளில் இன்னும் பாவிப்பவர்களை எனக்குத் தெரியும். தோலுக்கு மட்டுமல்லாமல் வெளிச்சம், கறுப்பு வெள்ளை என்று பல வேலைக்கும் உதவுவதால் அல்பம் செய்பவருக்கு இது காசுக்குப் பெறுமதி.

செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி வரும் புதியவை வேறொரு வகை. ரீடச் ஃபோர் மீ என்ற பெயரில் பருவுக்கு ஒன்று, நிறத் திட்டுக்கு ஒன்று என்று தனித்தனியே விற்கிறார்கள். போட்டோசொப்பிலேயே 2020 இல் நியூரல் ஃபில்டர்கள் வந்தபோது தோல் மென்மையாக்குவதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. இவை நிறத்தை மட்டும் நம்பியிருக்காமல் முகத்தையே அடையாளம் கண்டு வேலை செய்வதால் சரிகை பெரும்பாலும் தப்பிவிடும். வேகமும் அதிகம். ஆனால் பருவும் தழும்பும் இந்தக் கருவிக்கு ஒரே 'குறை'தான். போன கிழமை வந்ததையும் பதினைந்து வருடமாக இருப்பதையும் அது பிரித்தறியாது. பிரித்துச் சொல்ல வேண்டியவர் கணனிக்கு முன்னால் இருப்பவர். எனவே இங்கேயும் வேறு லேயரும் மாஸ்க்கும் அவசியம்.

இனி, காசு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவுக்கு ஏறியதை நாங்கள் பருப்பிலும் பால்மாவிலும் கண்டோம். மென்பொருளிலும் கண்டோம். மாதச் சந்தா கட்டி வாங்கினால் விலை ரூபாவோடு ஏறி இறங்கும். ஒருமுறை கட்டி உரிமம் எடுப்பவை எங்களைப் போன்றவர்களுக்கு மனநிம்மதி. வாங்குமுன் சோதனைப் பிரதியை இறக்கி, உங்கள் ஊர்ப் படத்தில் சோதியுங்கள். நான் வைத்திருக்கும் சோதனைப் படம் ஒன்றே ஒன்றுதான். பட்டுச் சாறி, மருதாணிக் கை, பாதி முகத்தில் நிழல், கன்னத்தில் மச்சம். அதில் தேறினால் எதிலும் தேறும்.

'கிராக்' பிரதிகள் பற்றியும் சொல்லவேண்டும். ஆரம்ப காலத்தில் நானும் ஒருவரிடம் பென் டிரைவில் வாங்கிப் போட்டவள்தான். ஒரு நாள் காலை கணனியைத் திறந்தால் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறி, ஒன்றும் திறபடவில்லை. ஒரு கலியாண வீட்டின் படம் முழுவதும் அதற்குள். தெய்வாதீனமாகக் கமராக் காட்டை அழிக்காமல் வைத்திருந்தார்கள். இல்லையென்றால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழித்திருப்பேனோ தெரியாது.

தங்கச்சி, உண்மையில் ஒன்றும் வாங்காமலும் இந்த வேலையைச் செய்யலாம். 2002 இல் வந்த போட்டோசொப் 7 இலிருந்தே ஹீலிங் பிரஷ் இருக்கிறது. பருவை எடுக்க அதைவிட நல்ல கருவி இன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். திட்டுக்களுக்கு, விளம்பரப் படத் திருத்துநர்கள் பாவிக்கும் 'ஃபிரீக்குவென்சி செப்பரேஷன்' முறையைப் பழகுங்கள். படத்தை இரண்டு லேயராகப் பிரதி எடுங்கள். கீழுள்ளதைக் கௌசியன் பிளர் கொடுத்து மயிர்த்துளை மறையும் வரை மட்டும் மங்கலாக்குங்கள். மேலுள்ளதில் 'அப்ளை இமேஜ்' திறந்து, கீழ் லேயரைக் காட்டி, சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஒஃப்செற் 128 என்று கொடுங்கள். இது 8 பிற் படத்துக்கான கணக்கு. பிறகு மேல் லேயரின் கலப்பு முறையை 'லினியர் லைற்' ஆக்கினால் படம் பழையபடி தெரியும். இப்போது நிறம் கீழேயும் தோலின் இழை மேலேயும் பிரிந்து நிற்கின்றன. கீழே திட்டை லாசோவால் வளைத்து இலேசாக மங்கலாக்கினால் மேலுள்ள மயிர்த்துளைக்கு ஒன்றும் நடக்காது. முதல் நாள் தலை சுற்றும். 'அக்ஷன்' ஆக ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு ஒரே அழுத்து.

போட்டோசொப்புக்கும் காசில்லை என்றால் கிம்ப் இருக்கிறது, இலவசம். 2018 இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 'வேவ்லெற் டிகொம்போஸ்' என்று இதே வேலையைச் செய்யும் வசதி அதற்குள்ளேயே உண்டு. அதோடு சேரும் ஜீமிக் என்ற இலவசப் பிளக்இன்னில் தோல் மென்மையாக்கும் வடிகட்டியும் இருக்கிறது. வீட்டில் இருந்து தொழில் தொடங்கும் சகோதரிகள் இதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் பிள்ளைகளின் படங்களை, இலவசமாக அழகாக்கித் தருகிறோம் என்று சொல்லும் தெரியாத இணையத் தளங்களில் ஏற்றாதீர்கள். அது பிறகு எங்கே போகிறது என்று யாருக்கும் சொல்ல முடியாது. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுக்கும் படத்தில் இந்தக் கருவி எதுவும் வேண்டவே வேண்டாம்.

இதை வாசித்துவிட்டு, தழும்பை எப்போதும் விடவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். கழுத்தில் தீக்காயமுள்ள ஒரு அம்மா மகளின் சாமத்தியவீட்டு அல்பத்தில் தன் கழுத்தை எல்லாப் படத்திலும் துப்பரவாக்கித் தரச் சொன்னார். 60 படத்துக்கு மேல். ஒவ்வொன்றாகக் கையால் செய்தேன், ஏன் என்று கேட்கவில்லை. அல்பத்தை வாங்கி அந்த இடத்திலேயே இரண்டு முறை புரட்டினார். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப வந்து, மகளோடு நிற்கும் ஒரு படத்தைத் திருத்தாமல் தரமுடியுமா என்று கேட்டார். மூலப் படம் என்னிடம் இருந்தது. கொடுத்தேன். அன்றும் ஏன் என்று கேட்கவில்லை. படம் திருத்துபவர் மூலத்தை அழிக்கக்கூடாது என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

விளம்பரப் படங்களில் இது அரசுகள் தலையிடும் விடயமாகவும் வந்துவிட்டது. பிரான்சில் 2017 ஒக்ரோபர் முதல், மொடலின் உடலை மெலிவாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று எழுதவேண்டும். நோர்வேயில் 2022 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் தோலைத் திருத்தினாலும் குறிப்பிடச் சொல்கிறது. முதலாளியிடம் பகிடியாகச் சொன்னேன். "நோர்வேயில கடை திறக்கேக்க பாப்பம்" என்றார்.

ஆகவே முல்லைத்தீவுத் தங்கச்சிக்கு: முதல் இரண்டு மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். ஹீலிங் பிரஷ்ஷும் மேலே சொன்ன பிரிப்பு முறையும் கையில் படியட்டும். பிறகும் நேரம் போதவில்லை என்றால், அல்பமும் விளம்பரமும் சேர்த்துச் செய்பவர் என்றபடியால் நிக் தொகுப்பு. முகப் படமே அதிகம் என்றால் போர்ட்ரேச்சர். இரண்டிலும் சோதனைப் பிரதியைப் போட்டு உங்கள் கடையின் பட்டுச் சாறியில் பாருங்கள். நான் இப்போது வேலை எடுக்கும் துண்டில் ஒரு வரி கூட்டி அடித்து வைத்திருக்கிறேன். 'முகத்தில் விட வேண்டியவை' என்று. படத்தில் நிற்பவரே நிரப்ப வேண்டும், காசு கொடுப்பவர் அல்ல. சிலர் மச்சம் என்று எழுதுவார்கள், சிலர் ஒன்றுமில்லை என்று கோடு கீறுவார்கள். ஒரு பாட்டி 'எல்லாம்' என்று எழுதிவிட்டுப் போனார்.

பனர் அந்த வருடம் மார்கழி மழை வரைக்கும் தொங்கியது. பிறகு கழற்றும்போது அந்தப் பிள்ளை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாளாம். வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டிருப்பதாகப் பிறகு சொன்னாள், முகம் உட்பக்கமாக. நல்ல தடிப்பான சீற், ஒழுக்கில்லையாம்.

அடுத்த இதழில், பிரிண்ட் அடிக்கும்போது நிறம் ஏன் மாறுகிறது என்று கேட்ட மன்னார்ச் சகோதரிக்குப் பதில் எழுதுகிறேன்.